நாங்கள் இருந்த பௌர்ணமி விரதம்

நேற்றுப் பௌர்ணமி. நம் நகர் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நமக்கு எதிரே எழும்பிக்கொண்டிருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தில் செங்கல் சுமக்கிற ஒடிசாப் பெண் ஒருத்தி, நாம் அன்னதானத்தில் நீட்டிய சாம்பார் சாதத்தை வாங்காமல் கைகூப்பி நிற்கிறாள். கீழே நம் சங்கத் தலைவர் எழுதியிருந்தார்: "உபவாசமாம். தண்ணீர்கூட வேண்டாம் என்கிறாள். எங்கிருந்தோ பிழைக்க வந்த ஏழைப் பெண்ணுக்கு அண்ணாமலையார் மேல் இருக்கிற பக்தி நமக்கு உண்டா?" அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். நம் தெருவில் ஒருவர் பாக்கியில்லை.

என் கை மட்டும் அங்கே இல்லை. ஏன் என்று இன்று காலை நடையில் கேட்டீர்கள். பதில் சொல்லாமல் வேகமாக நடந்துவிட்டேன். பேசியிருந்தால் நடுரோட்டில் கத்தியிருப்பேன். அவ்வளவு பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். படித்துத்தான் ஆக வேண்டும்.

நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. சர்க்கரை, முட்டிவலி, பேரன் பேத்தி. ராத்திரி எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போகிறோம் என்று ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்கிறோம். போன மாதம் வேலூர்க் கல்யாணத்துக்குப் போனபோது வேனை எத்தனை இடத்தில் நிறுத்தச் சொன்னோம்? டிரைவர் முகம் சுளித்தபோது எல்லாரும் சேர்ந்து அவனைப் பிடிபிடி என்று பிடித்தோமே, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. தருமபுரிப் பக்கம் வானம் பார்த்த ஊர் எங்களுடையது. அப்பா அதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அந்த வருஷம் மழையும் இல்லை. ஆடி முடிந்ததும் மேஸ்திரி லாரியோடு வந்தார். திருவண்ணாமலையில் பெரிய லாட்ஜ் கட்டுகிறார்கள், கார்த்திகைத் தீபத்துக்குள் கீழ்த்தளத்தைத் திறக்க வேண்டும், ஆள் வேண்டும் என்றார். அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, சென்ட்ரிங் வேலை தெரிந்த சித்தப்பா, இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் என்று எல்லாரும் ஏறினோம். சித்திக்குக் கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லை. இரண்டு தடவை உண்டாகித் தங்காமல் போய், அப்போது மூன்றாவதாக உண்டாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. "புண்ணிய ஊருக்குப் போறோம்க்கா. இந்தவாட்டி தங்கிடும்" என்று லாரியில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். தூரத்தில் மலை தெரிந்ததும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல் அந்தக் கட்டடம். பின்னாலேயே மலை. தகரம் அடித்த கொட்டகைகள் எங்களுக்கு. கதவு கிடையாது. சிமெண்ட் சாக்கைப் பிரித்துத் தைத்துத் திரை போட்டிருந்தார்கள். தரையிலும் சிமெண்ட் சாக்குதான். படுத்து எழுந்தால் முதுகெல்லாம் சாம்பல் பூசியிருக்கும், தொண்டையில் எந்நேரமும் சுண்ணாம்புக் காரம். கட்டடத்துக்குத் தண்ணீர் அடிக்கிற அதே இரும்பு டிரம்மில் மொண்டுதான் சமையல், அதில்தான் குளியல். கட்டடத்துக்கு நாள் முழுக்கத் தண்ணீர் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருப்பார். ஆள் வெடித்தால் பரவாயில்லை.

சித்தாள் வேலை என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம். பழைய சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடாக வைத்து, அதன்மேல் கலவைச் சட்டி. ஏணி மாதிரி சாய்த்துப் போட்ட பலகையில் செருப்பில்லாமல் ஏற வேண்டும். சிமெண்ட் அரித்து அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெள்ளையாகப் புண். ராத்திரியில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு, பிசைந்து சாப்பிட முடியாமல் என்னை ஊட்டிவிடச் சொல்வாள். என் கையிலிருந்து சோறு வாங்கிச் சாப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அந்தச் சும்மாடு எங்கே போயிற்றோ. அவள் தலைமயிர் வாசனை அதில்தான் இருந்தது.

லாட்ஜில் அறைக்கு ஒரு கக்கூஸ். அந்தக் காலத்தில் இந்த ஊரில் அதுவே பெரிய பேச்சு. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள், அவர்களுக்கு அறைக்குள்ளேயே வேண்டும் என்று முதலாளி நீல டைல்ஸ் வரவழைத்திருந்தார். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு நான் பாண்டி ஆடுவேன். வழவழவென்று, வெயிலில் கிடந்தாலும் சில்லென்று இருக்கும். அத்தனை கக்கூஸுக்கும் கல்லும் மணலும் சுமந்தது எங்கள் பெண்கள். கழிவுத் தொட்டிக்குத் தோண்டிய மண்ணைக் கூடை கூடையாக வாரிக் கொட்டியதும் அவர்கள்தான். அவர்களுக்கு மட்டும் போவதற்கு ஓர் இடம் இல்லை. ஒரு தடுப்பு, ஒரு குழி, ஒரு சாக்குத் திரை எதுவும் இல்லை. யாரோ வேண்டாம் என்று தடுத்தார்கள் என்றுகூட இல்லை. யாருக்கும் தோன்றவே இல்லை.

வந்த புதிதில் சித்தி கட்டடத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒதுங்கப் போனாள். காவி கட்டிய ஒருவர் தடியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏய், எங்க ஒக்கார்றே? மலையே சிவன்டி! சிவன் தலையிலயா ஒக்கார்றே?"

சித்தி சேலையைப் பிடித்துக்கொண்டு அலறியடித்து ஓடிவந்தாள். ராத்திரி முழுக்க அழுதாள். தண்டனையாகப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அதன்பிறகு எந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. எங்கள் ஆம்பிளைகள், கொத்தனார்கள், அந்தக் காவிக்காரர் உள்பட எல்லாரும் அதே சரிவில் நின்றுகொண்டு போனார்கள். ஆண்களுக்கு மட்டும் சிவன் கண்ணை மூடிக்கொள்வார் போலிருக்கிறது.

பெண்களுக்கு மிச்சமிருந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம் வற்றிக் கிடந்த ஏரி. விடிவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து போவார்கள், நானும் போவேன். வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவில் உட்காரும்போது ரோட்டில் லாரி வரும். வெளிச்சம் திரும்பும்போது அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நிற்க வேண்டும். போனதும் உட்கார வேண்டும். மறுபடி லாரி, மறுபடி எழுந்திரு. வெளுத்துவிட்டால் அவ்வளவுதான், இனி இருட்டின பிறகுதான். நடுவில் ஒரு முழு நாள், அந்த வெயில், அந்தச் சுமை. ஆகவே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வெற்றிலையைக் குதப்பிக்கொள்வார்கள், துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். தாகம் தாங்காவிட்டால் வாயைக் கொப்பளித்துத் துப்புவார்கள். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் துப்பிப் பாருங்கள், ஒரே ஒரு நாள்.

இதுவே பௌர்ணமி வந்தால் இன்னும் மோசம். பௌர்ணமிக் கூட்டம் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பஸ்களை ஏரிக்குள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பாதை முழுக்க ஜனம், கடை, விளக்கு, பாட்டு. மறுநாள் வெயில் ஏறுகிற வரைக்கும் கூட்டம் கலையாது. விடியற்காலை இருட்டும் எங்களுக்குக் கிடையாது. அதனால் பௌர்ணமி வருகிறது என்றால் முந்தின நாள் மத்தியானத்தோடு எங்கள் பெண்கள் வாயைக் கட்டிவிடுவார்கள். சோறு, டீ, தண்ணீர் எதுவும் கிடையாது.

ஆவணிப் பௌர்ணமியன்று மேஸ்திரி டீ வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். பெண்கள் ஒருத்தியும் வாங்கவில்லை. "ஏன், என்னா கேடு?" என்று கேட்டார். எங்களில் மூத்தவளான பெரிய சித்தாள் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"பௌர்ணமிங்களே, விரதங்க."

மேஸ்திரி முகம் மாறிவிட்டது. பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லா இருங்கம்மா" என்றார். அவர் வாயிலிருந்து எங்கள் பெண்களுக்கு 'அம்மா' வந்தது அன்றைக்குத்தான்.

கொட்டகைக்குள் வந்ததும் சிரிப்பான சிரிப்பு. "எந்தச் சாமிக்குக்கா விரதம்?" என்று சித்தி கேட்டாள். "ஒண்ணுக்குச் சாமிக்குடி. அது நெனச்ச நேரத்துக்கு வந்து நிக்கும், எடங்குடுன்னு கேக்கும்" என்றாள் பெரிய சித்தாள். அப்புறம் அதுவே பேச்சாகிவிட்டது. நடுப்பகலில் யாராவது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றால், "என்னா, சாமி வந்துடுச்சா?" என்பார்கள். "பாப்பா, யாராவது கேட்டா விரதம்னு சொல்லு" என்று என்னிடமும் சொல்லி வைத்தார்கள். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு பாவம் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்தப் பொய் என்ன செய்யப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

புரட்டாசிப் பௌர்ணமிக்கு முதலாளியம்மா வந்தார். மலையைச் சுற்றிவிட்டு வெறுங்காலோடு, மஞ்சள் சேலையில், கட்டடத்தைப் பார்க்க வந்தவரிடம் மேஸ்திரி பெருமையாகச் சொல்லிவிட்டார். முதலாளியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, அப்பா இல்லாதது தெரியாமல் அம்மாவுக்கும் சேர்த்துக் குங்குமம் வைத்தார், ஆளுக்கொரு முழம் பூவும் கொடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சித்தியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்காகவா விரதம்?" என்று கேட்டார். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். கெட்டவர் இல்லை அந்த அம்மா, அதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இவ்வளவு கோபம் நின்றிருக்காது.

இத்தனை பிரியமாகப் பேசுகிறாரே, பெண்ணுக்குப் பெண், இவரிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. பக்கத்திலேயே மேஸ்திரியும் கொத்தனார்களும் நின்றிருந்தார்கள். பச்சையாகச் சொல்ல முடியாது. குரலைத் தாழ்த்திக்கொண்டு இப்படிக் கேட்டாள்.

"பௌர்ணமியானா வெளிய போவ முடியலைங்கம்மா. ரொம்பக் கஷ்டமா இருக்குது."

மலை சுற்றப் போக முடியவில்லையே என்று ஏங்குகிறாள் என முதலாளியம்மா நினைத்துக்கொண்டார். அம்மாவின் தோளில் கையை வைத்துச் சொன்னார்.

"அதுக்கு ஏம்மா கவலைப்படறே? மலைதான் கண்ணு முன்னாடியே நிக்குதே. நின்ன எடத்துலயே முடிச்சுக்கோ. அவரு ஏத்துக்குவாரு."

அன்றைக்குக் கொட்டகையில் சிரித்த சிரிப்பை நான் அதற்கப்புறம் எங்கேயும் கேட்டதில்லை. "நின்ன எடத்துலயே முடிச்சுக்கணுமாம்டி! அவரு ஏத்துக்குவாராம்!" என்று பெரிய சித்தாள் புரண்டு புரண்டு சிரித்தாள். சிரித்தால் அடக்க முடியாது என்று சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்கடி, சிரிக்க வெக்காதீங்க" என்று கெஞ்சினாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொடுத்த பூவைத் தலையிலிருந்து பிடுங்கித் திரைக்கு வெளியே எறிந்தாள்.

அந்தச் சமயத்திலேயே சித்திக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. இருட்டில் ஏரியில் உட்கார்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சொட்டுச் சொட்டாகத்தான் போகும் என்பாள். சூடு பிடித்திருக்கிறது என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தார்கள். அதைக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. வெறும் வெந்தயத்தை மென்றாள்.

ஐப்பசியில் மேல்மாடிக்குத் தளம் போட வேண்டியிருந்தது. முதலாளியம்மா மேஸ்திரியைக் கூப்பிட்டு, பௌர்ணமியன்றே போடச் சொல்லிவிட்டார். விரதம் இருக்கிற சுமங்கலிகள் கையால் தளம் போட்டால் கட்டடம் காலத்துக்கும் நிற்குமாம். ஐப்பசிப் பௌர்ணமி என்றால் கோயிலில் அன்னாபிஷேகம். சாமியைச் சோற்றால் மூடுகிற நாள். அந்த நாளில்தான் எங்கள் பெண்கள் வாயைக் கட்டிக்கொண்டு, வருஷத்திலேயே பெரிய சுமையைத் தூக்க வேண்டும்.

அம்மா மேஸ்திரியிடம் போனாள். "வேற நாள்ல வெச்சிக்கலாங்க. என் தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல, மாசமா வேற இருக்கா."

"நான் என்னாம்மா பண்றது? விரதம்னு சொன்னது நீங்கதானே? அந்தம்மா அத நம்பி நாள் பாத்துட்டாங்க. இப்ப விரதம் இல்லேன்னு போய்ச் சொல்லவா?"

சொல்லுங்கள் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. அப்புறம் விரதம் இல்லை என்றால் வேறென்ன என்று கேட்பார்களே, அத்தனை ஆம்பிளைகள் நடுவில்.

தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. கலவை மிஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. கீழிருந்து மேலே வரைக்கும் பலகைகளில் பெண்கள் வரிசையாக நின்று, சட்டியைக் கைமாற்றி ஏற்றினார்கள். மழை வரும் என்று பயந்த நாளில் வெயில் கொளுத்தியது. ரோட்டில் ஜனம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஊதுவத்திப் புகை. முதலாளியம்மா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். போகிறவர்களிடம் எங்கள் பெண்களைக் காட்டிக் காட்டிச் சொன்னார். சிலர் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

உச்சி வெயிலில் சித்தியின் கையிலிருந்து சட்டி நழுவியது. அவள் பலகையிலேயே மடிந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா சட்டியைப் போட்டுவிட்டு ஏறிப் பிடித்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது, ஆனால் பல் தந்தியடித்தது. இரண்டு பேராகக் கீழே இறக்கி மணல் குவியலில் கிடத்தினார்கள். சித்தப்பா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஐயோ, தண்ணி குடுத்துடாதீங்க!" என்று முதலாளியம்மா ஓடிவந்தார். "நெலாவப் பாக்காம விரதத்த முறிக்கக் கூடாது. வயித்துப் புள்ளைக்காக இருக்கற விரதம். மொகத்துல மட்டும் தெளிங்க." விபூதியை எடுத்துச் சித்தியின் நெற்றியில் பட்டையாகப் பூசினார்.

சித்தப்பா சொம்பைப் பிடித்துக்கொண்டு விழித்தார். அம்மா அதைப் பிடுங்கிச் சித்தியின் வாயருகே கொண்டுபோனாள். சித்தி பாதிக் கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வேணாங்க்கா" என்றாள். அப்புறம் அம்மாவுக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "இப்ப குடிச்சா எங்கக்கா போவேன்?" என்றாள்.

முதலாளியம்மாவுக்கு முதல் வார்த்தை மட்டும்தான் கேட்டது. கைகளைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். "பாத்தீங்களா! உசிரே போனாலும் விரதத்த விடமாட்டேங்கறா! இதுதான் பக்தி!" என்றார். ரோட்டில் நின்ற கூட்டம் அரோகரா போட்டது. என் சித்தி செத்துக்கொண்டிருக்கிறாள், இவர்கள் அரோகரா போடுகிறார்கள்.

அம்மா சித்தியின் தாடையை அழுத்தி வாயைத் திறந்து, தண்ணீரை ஊற்றினாள். முதலாளியம்மா "பாவம் பண்றியே" என்று கத்தினார். மிஷின் நிற்கவில்லை. தளம் பாதியில் நிற்கக் கூடாதல்லவா? மற்றப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பௌர்ணமிக்கு ரோட்டை மறித்திருந்ததால் வண்டி எதுவும் உள்ளே வரவில்லை. சித்தப்பா சித்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே வந்த பக்தர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். "எதிர்ப்பக்கமா சுத்தக் கூடாதுப்பா" என்று ஒருவர் புத்தி சொன்னார்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் எங்களைத் திட்டிய திட்டு ஞாபகம் இருக்கிறது.

"ஒண்ணுக்கு எரியுதுன்னு எப்பத்திலேருந்து சொல்றா?"

"பொரட்டாசிலேருந்துங்க."

"இவ்ளோ நாள் என்ன பண்ணீங்க? அடக்கி அடக்கி உள்ளெல்லாம் சீழ் வெச்சிருக்கு. தண்ணியே குடிக்க மாட்டாளா?"

மறுநாள் காலையில் பிள்ளை போய்விட்டது. பையன் என்று ஆயா சொன்னாள். சித்தி பிழைத்துக்கொண்டாள்.

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நேற்று சாயங்காலம் நான் அந்த ஒடிசாப் பெண்ணிடம் போனேன். எனக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எங்கே போவாய் என்று கையாலேயே கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நம் தெருவைக் காட்டினாள், வரிசையாக நம் வீடுகளைக் காட்டினாள், நம் சிசிடிவி கேமராவைக் காட்டினாள். கையை விரித்தாள். முன்பு புதராக இருந்த காலி மனையைச் சுத்தம் செய்து, வேலி போட்டு, 'அசுத்தம் செய்யாதீர்' என்று பலகை வைத்தது நாம்தானே? நம் சங்கக் கட்டடத்தில் வருஷத்துக்கு இரண்டு கூட்டத்துக்கு மட்டும் திறக்கிற கழிப்பறைக்குப் பூட்டு எதற்கு? சாவி யாரிடம் இருக்கிறது? உபவாசத்துக்குக் கும்பிடு போட்ட தலைவரிடம்தான்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சித்திக்குத் துணையாகச் சித்தப்பாவை விட்டுவிட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குத் திரும்பினாள். முதலாளியம்மா அங்கே இருந்தார். கீழ்த்தளத்து அறைகள் முடிந்து, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் நிஜமாகவே அழுதார். அழுதுகொண்டே சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியா? கூடப் பொறந்தவளே தண்ணிய ஊத்தி விரதத்த முறிச்சிட்டே. பாதியில வுட்டா சாமி சும்மா இருக்குமா? அதான் எடுத்துக்கிச்சு."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். கொத்தனார்கள் இருந்தார்கள், மேஸ்திரி இருந்தார், எங்கள் ஊர் ஆம்பிளைகள் இருந்தார்கள். இத்தனை நாள் எவர் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்தாளோ, அவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"விரதமாவது மண்ணாவது!" என்று கத்தினாள். "ஒண்ணுக்குப் போவ எடமில்லம்மா! தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், சோறு தின்னா வெளிக்கு வரும், எங்க போயி ஒக்கார்றது? ஒங்க ஏரி பூரா பஸ்ஸு, ஒங்க ரோடு பூரா சனம். அதுக்குத்தான் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தோம். அதுக்குத்தான் அவ வயித்துல இருந்தது செத்துச்சு. சாமி எடுத்துக்கல. நீங்க எடுத்தீங்க!"

முதலாளியம்மா காதைப் பொத்திக்கொண்டார். "சீச்சீ! மலையப் பாத்துக்கிட்டுப் பேசற பேச்சாடி இது?"

"மலையப் பாத்துக்கிட்டுத்தாம்மா இத்தினி மாசம் அடக்கிக்கிட்டு இருந்தோம்."

"வாயத் தொறந்து சொல்லியிருந்தா ஏதாவது ஏற்பாடு பண்ணியிருக்க மாட்டேனா?"

"சொன்னேனே. நின்ன எடத்துலயே முடிச்சுக்கச் சொன்னீங்களே."

அதற்குமேல் அம்மா அங்கே நிற்கவில்லை. கழுவி விட்டிருந்த தரையில் மண் காலோடு நடந்து, முதல் அறைக்குள் போய், அங்கே இருந்த கக்கூஸுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "ஐயோ, பூஜை ஆகலியே! பால் காய்ச்சலியே!" என்று முதலாளியம்மா கதவைத் தட்டினார். மேஸ்திரி கதவருகே வந்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பிப் போனார். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"போங்கடி" என்றாள் மற்றப் பெண்களைப் பார்த்து. "ஒவ்வொருத்தியா போங்க. அவசரப்படாம போங்க."

முதலில் பெரிய சித்தாள் போனாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையில் நின்றார்கள். ஆம்பிளைகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஐயரைக் கூப்பிட்டு அந்த அறைக்குத் தீட்டுக் கழித்தார்களாம். லாட்ஜ் தீபத்துக்குத் திறந்தது. இன்றைக்கும் இருக்கிறது, பௌர்ணமிக்கு அறை கிடைக்காது. பெயரைச் சொல்ல மாட்டேன். உங்கள் சொந்தக்காரர்கள் வந்தால் அங்கேதான் தங்க வைக்கிறீர்கள்.

துணி மூட்டையையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுநாள் சித்தியை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, டாக்டரம்மாகிட்ட சொல்லி இன்னும் ரெண்டு நாள் இங்கியே வெச்சிக்கச் சொல்லேன்."

"ஏன்டி, வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லக்கா. இங்க கக்கூஸ் இருக்குதுக்கா. கதவு இருக்குது. யாரும் எதுவும் கேக்கறதில்ல."

வார்டு ஆயா தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "புள்ளயப் பறிகுடுத்தவங்க எப்படா வூட்டுக்குப் போவோம்னு அழுவாங்க. இது என்னாடிம்மா, போவ மாட்டேன்னுது. கல்லு மனசு" என்றாள்.

சித்தி கட்டிலுக்கடியில் இருந்த சொம்பை எடுத்து, அதிலிருந்த தண்ணீர் முழுவதையும் மூச்சுவிடாமல் குடித்தாள். அம்மா மறுபடி நிரப்பிக் கொடுத்தாள், அதையும் குடித்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய், கக்கூஸுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவள் பிள்ளைக்காக அழுத அழுகை உள்ளேயிருந்துதான் எங்களுக்கு முதன்முதலாகக் கேட்டது.